சல்லடை ஓடும் பதினைந்து நிமிடம்

பொத்தானை அமுக்கியாயிற்று, இனி பதினைந்து நிமிடத்துக்கு என் கையில் ஒன்றுமில்லை. ஏழு சல்லடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்று குலுங்குகின்றன. மேலே இருப்பதன் கண்ணில் கடுகு நுழையும், கீழே வர வரச் சின்னதாகிக்கொண்டே போய் கடைசிச் சல்லடையில் கண் இருப்பதே தெரியாது, பட்டுத் துணி இழுத்துக் கட்டியது மாதிரி இருக்கும், அதற்கும் கீழே ஓட்டையே இல்லாத ஒரு தட்டு. அடித்தட்டு. இன்றைக்கு எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தட்டில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். மேலே ஐந்நூறு கிராம் கொட்டியிருக்கிறேன். அடியில் நூற்றுப் பத்தாவது வர வேண்டும். நூறு வந்தாலும் போதும், தொண்ணூறு வந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அம்சவேணி, சமாளிக்கிற பேச்சை விடு. மணி ஒன்பது இருபது. பதினொரு மணிக்கு பெங்களூருக்கு வெளியே ஒரு பெரிய கூடத்தில், நிலாவில் இறங்கப் போகிற இயந்திரத்தின் கால் ஒன்றை உயரத்தில் தூக்கி, நாங்கள் அனுப்பிய மண்ணின் மேல் விடுவார்கள். அது எவ்வளவு புதைகிறது என்று அளப்பார்கள். அந்த அளவை வைத்து காலின் பாதம் எவ்வளவு அகலம் என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அதற்கு அப்புறம் யார் நினைத்தாலும் மாற்ற முடியாது, எல்லாம் அந்தப் பாதத்தின் எடையை வைத்துத்தான் மேலே மேலே கட்டிக்கொண்டு போவார்கள். நிலா மண் என்று வாய் கூசாமல் சொல்கிறோம். நிலாவுக்கும் இதற்கும் என்ன உறவு, பாலப்பாறையில் வெட்டின வெள்ளைக் கல்லை அரைத்த பொடி இது, நிலாவில் இருக்கிற கல்லும் இதே சாதிக் கல் என்பதால் இதை அரைத்து, அங்கே எத்தனை பங்கு குருணையோ எத்தனை பங்கு தூசியோ இங்கேயும் அதே பங்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இதுவே நிலா மண் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். எழுதிக் கொடுப்பது நான். ஆறு லாட், லாட்டுக்கு ஒரு லாரி, அறுபது டன், ஆறு தாள், ஆறிலும் என் பச்சை மைக் கையெழுத்து. இப்போது குலுங்குவது நாலாவது லாட்டிலிருந்து சாட்சிக்கென்று அலமாரியில் எடுத்து வைத்திருந்த பொட்டலம். தடதடதடவென்று மேஜையே ஆடுகிறது, என் டீயில் வட்டம் வட்டமாக வருகிறது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

நேற்று அந்த வீடியோவைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அனுப்பியவள் தபசும், சந்தோஷத்தில்தான் அனுப்பினாள், கூடத்தில் மண்ணைப் பரப்பும் வேலை அவள் பொறுப்பு, வாணியம்பாடிப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், மூன்றாவது போனிலேயே மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. அக்கா, பெட் ரெடி, பாருங்க எவ்ளோ அழகா இருக்குன்னு. பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு வயல். நாலு பேர் நீளமான வாரியால் சமன் செய்கிறார்கள். ஒருவர் பாட்டுப் பாடுகிறார், இன்னொருவர் சிரிக்கிறார். அழகாகத்தான் இருந்தது. போனைக் கீழே வைத்தபிறகு ஏதோ ஒன்று பல்லில் மாட்டின நார் மாதிரி நின்றுகொண்டே இருந்தது. எடுத்துத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. அவர்கள் யாரும் முகமூடி போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. வாரி போகிறது, மண் இரண்டு பக்கமும் ரவை மாதிரி சரிந்து விழுகிறது, மேலே ஒரு புகை எழ வேண்டாமா? முதல் லாட் இந்த அறைக்கு வந்த அன்றைக்கு சாக்கின் வாயைப் பிரித்ததுமே எனக்கு இருமல் வந்து மூன்று நாள் போகவில்லை. கைக்கடிகாரத்துக்குள்ளே போயிற்று, தாலிச் சரட்டின் முறுக்கில் போய் உட்கார்ந்து வெள்ளையாகிவிட்டது, வீட்டில் இவர் கேட்டார், என்ன, மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா என்று. அந்தத் தூசி எங்கே? பாட்டுப் பாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். வீடியோ தெளிவாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடத்தில் ஏதாவது தண்ணீர் தெளித்திருப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன், தண்ணீர் ஒரு சொட்டு படக்கூடாது என்று நானே பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கும்போது. போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பாள். அதற்கு என்ன சொல்வேன்?

எத்தனை நிமிடம் ஆயிற்று? மூன்றுதான். மூன்று! இந்த இயந்திரத்தின் கடிகாரமே தகராறு. சரி, சொல்லிவிடுவோம், இந்த அறையில் நானும் இந்தக் குலுங்கலும்தானே இருக்கிறோம். நாலாவது லாட் வந்தபோது இந்தக் குலுக்கி இங்கே இல்லை. மோட்டார் எரிந்து கோயம்புத்தூருக்குப் போய் பதினோரு நாள் ஆகியிருந்தது. லாரி வாசலில் நின்றது, டிரைவர் மணிக்கு ஒரு தடவை படியேறி வந்து என்னங்க மேடம் ஆச்சுங்களா என்று கேட்டுவிட்டுப் போனான். பெங்களூரிலிருந்து தேதி, தேதி என்று ஒரே நெருக்கல். கையால் சலித்தேன். ஏழு சல்லடையையும் மார்போடு அணைத்துக்கொண்டு இருபது நிமிடம் குலுக்கினேன், தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. அடித்தட்டை எடுத்துத் தராசில் வைத்தால் பதினாறு கிராம். முதல் லாட்டில் நூற்றுப் பன்னிரண்டு வந்த இடத்தில் பதினாறு. அப்போது என்ன நினைத்தேன்? நினைத்தது அப்படியே நினைவில் இருக்கிறது, அதுதான் கொடுமை. கையால் சலித்தால் பொடி இறங்காது என்று நினைத்தேன். அது பொய்யும் இல்லை, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, நயமான பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சல்லடைக் கண்ணை அடைக்கும், கைக்கு அவ்வளவு உதறல் வராது. கொஞ்சம் குறையும். கொஞ்சம். நூற்றுப் பன்னிரண்டு பதினாறாகுமா? ஆகும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா? முதல் மூன்று லாட்டும் குலுக்கியில் போட்டு மூன்றும் நூற்றுப் பத்துக்கு மேலே வந்திருந்தன, அதே பாறை, அதே கிரஷர், அதே மனிதர், நாலாவது மட்டும் எப்படி மாறும். நோட்டை எடுத்தேன், பதினாறு என்று எழுதவில்லை. முதல் லாட்டின் கணக்கைப் பார்த்து, அப்படியே எழுதினால் நன்றாக இருக்காதென்று ஒன்றைக் கூட்டி நூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன். ஒன்றைக் கூட்டினேன் பார், அந்தப் புத்திசாலித்தனம்தான் என்னைக் கொல்கிறது. ஐந்தாவதையும் ஆறாவதையும் சலிக்கக்கூட இல்லை. கூடத்தில் மேலே அரை மீட்டருக்குப் பரப்பியிருப்பது முழுக்க அந்த மூன்று லாட்தான்.

ஆனால் கையின் குற்றமாகவும் இருக்கலாம். இருக்கலாம் அல்லவா? அதற்காகத்தானே காலை எட்டு மணிக்கே வந்து, பொட்டலத்தைப் பிரித்து, அடுப்பில் காய வைத்து, ஆற வைத்து, இதில் போட்டிருக்கிறேன். கையில் பதினாறு வந்த அதே மண் குலுக்கியில் நூற்றுப் பத்து வந்துவிட்டால் நான் எழுதினது பொய் ஆனாலும் மண் பொய் இல்லை, யாருக்கும் எதுவும் ஆகாது, இனி ஜென்மத்துக்கும் இப்படிச் செய்யமாட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு டீயைக் குடிக்கலாம். மேல் சல்லடையின் விளிம்பில் லேசாக வெள்ளை ஒட்டியிருக்கிறது. அது தூசிதானே? தூசிதான். இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது, அடித்தட்டை இடையில் உருவக் கூடாது, பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவள்தான் ஒன்றைக் கூட்டினாள்.

சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. மின்சாரம் போய்விட்டது, ஆறு நிமிடத்தில். மின்விசிறி சுற்றி ஓய்கிறது, வெளியே ஐந்து ரோட்டுப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது, பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். இத்தனை நேரம் இதெல்லாம் இருந்ததா? ஏழு சல்லடையும் அடக்கமாக நிற்கின்றன. இப்போது திறந்தால் தெரிந்துவிடும். ஆறு நிமிடத்திலேயே முக்கால்வாசி இறங்கியிருக்கும், அடித்தட்டு நிறைந்திருந்தால் தெரிந்துவிடும், நிறையவில்லை என்றாலும் தெரிந்துவிடும். கை மூடியின் திருகு வரைக்கும் போய்விட்டது. நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு, ஒரு தகரத் தட்டைப் பார்க்கப் பயம். திறக்கவில்லை. ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டேன். ஒழுங்காவது ஒன்றாவது, இன்னும் ஒன்பது நிமிடத்துக்கு நல்லவளாக இருக்கலாமே என்ற ஆசைதான். விளக்கு வந்தது. மிச்சம் ஒன்பது நிமிடத்துக்குத் திருப்பி வைத்து அமுக்கினேன். தடதடதட.

குழந்தைவேலு இப்போது எங்கே இருப்பார்? கூடத்தில்தான் இருப்பார். இன்றைய சோதனையைப் பார்க்க அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், கல் கொடுத்தவர் என்று. நேற்றே ரயில் ஏறிவிட்டார், வேட்டியை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன் மேடம் என்று ரயிலிலிருந்து போன் செய்தார். எட்டாவது வரைக்கும் படித்தவர். பாலப்பாறையில் கிரஷர் வைத்திருக்கிறார். அவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும், அறிமுகமே சண்டை. அப்போது நான் கட்டட மணலுக்குத் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன், ஆற்று மணல் கிடைக்காமல் எல்லோரும் கல்லை அரைத்து மணல் என்று விற்க ஆரம்பித்த நேரம். அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் மாதப்பன் கதை. ஒரு விடுதியின் சுற்றுச்சுவர், அதற்கு வந்த மணலை நான் சாக்கின் மேலே ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிவிட்டேன், அடியில் முழுக்கத் தூசி. தூசி இருந்தால் சிமென்ட் பிடிக்காது. சுவர் ஒரு மழைக்கு நின்றது, இரண்டாவது மழைக்குப் படுத்துவிட்டது, வாட்ச்மேன் மாதப்பனின் இடது காலின் மேல். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. அவர் என்னை யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு, அம்மா கொஞ்சம் தண்ணி குடும்மா என்றார், கொடுத்தேன், நான் யார் என்று சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. அதற்கப்புறம் தூசி என்றால் எனக்கு வெறி. அந்த வெறியோடுதான் பாலப்பாறைக்குப் போனேன். குழந்தைவேலுவின் மணலைக் கண்ணாடி பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி, அவருடைய ஆட்கள் இருபது பேர் பார்க்க அவர் மேஜையில் வைத்தேன். கலங்கலாக நின்றது. இந்தத் தண்ணி தெளிவா நிக்கிற வரைக்கும் என் கையெழுத்து உங்களுக்குக் கிடைக்காது, இது மணல் இல்லை, குப்பை என்று கத்தினேன். மனிதர் மூன்று மாதத்தில் கழுவுகிற தொட்டி கட்டினார். என்னைக் கூப்பிட்டு அதே பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் காட்டினார், தண்ணீர் தெளிந்து நின்றது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. அந்தப் பாட்டிலை இன்னும் மேஜை மேல் வைத்திருக்கிறார். யார் வந்தாலும் காட்டுவார், எங்க மேடம் சொல்லிக் குடுத்த டெஸ்டுங்க என்று.

கழுவுகிற தொட்டி. இதை நான் இப்போதுதான் முதல் தடவை நினைப்பது மாதிரி நடிக்கிறேன். நேற்று ராத்திரி படுத்ததிலிருந்து இந்த வார்த்தையைச் சுற்றிச் சுற்றித்தானே வந்தேன், கிட்டே போவதும் திரும்புவதுமாக. நிலாவில் தண்ணீர் இல்லை, காற்று இல்லை, அடித்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை, கல்லு பொடிந்து பொடிந்து அங்கேயே கிடக்கிறது, அதனால் அந்த மண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே தூசிதான். தூசி இருந்தால்தான் அது அந்த மண், தூசி இடுக்கில் நிறைந்தால்தான் கால் வைத்தால் அழுந்தி நிற்கும். தூசியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல கட்டட மணல். பத்து வருடமாகத் தூசி கெட்டது என்று சொன்ன அதே வாய், இந்த வேலைக்குத் தூசிதான் சரக்கு என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இங்கிலீஷில் எட்டுப் பக்கத் தாள் ஒன்று கொடுத்தேன். அதை அவர் நாலாக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார், என் கண் முன்னாலேயே. முதல் லாட்டைப் பார்க்கப் போனபோது, கோடை, கிணறு வறண்டு கிடந்தது, அவர் கூச்சத்தோடு நெளிந்துகொண்டே வந்தார். தண்ணி இல்லீங்க மேடம், தூசி அப்படியே இருக்குதுங்க, இந்த ஒரு தடவை கோவிச்சுக்காதீங்க. நான் என்ன சொன்னேன்? பரவாயில்லைங்க என்றேன். போன் வந்துகொண்டிருந்தது, வெயில் வேறு, பரவாயில்லைங்க என்று ஒரு சிரிப்பும் சிரித்தேன். தூசி வேணும்ங்க, தூசிக்காகத்தான் வாங்குறோம் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? பரவாயில்லை என்றால் என்ன? தப்புதான், ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன் என்றுதானே? அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? மூன்று லாட்டும் அப்படியே போயின. பிறகு மழை பெய்தது. மேடம், கெணறு ரொம்பிப் போச்சுங்க என்று போனில் குதித்தார், கிணறு நிறைந்தால் கிராமத்து மனிதர் சந்தோஷப்படாமல் என்ன செய்வார் என்று நானும் சந்தோஷப்பட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இன்னும் நாலு நிமிடம். மூன்றரை. அந்தக் கோலத்தையும் சொல்லிவிடு. ஐந்தாவது லாட் ஏற்றுகிற அன்றைக்கு அந்த வழியாகப் போனவள் இறங்கி ஒரு எட்டுப் பார்த்தேன். கிரஷர் ஆபீஸ் வாசலில் கோலம். அவ்வளவு வெள்ளையில், அவ்வளவு மெல்லிய இழையில் நான் கோலம் பார்த்ததே இல்லை. சாதாரணக் கோலப்பொடியில் குருணை இருக்கும், இழை உடையும். இது வரைந்தது மாதிரி, இருபத்தோரு புள்ளி, ஒரு இடத்தில் உடையவில்லை. அங்கே வேலை செய்கிற பெண்களைப் பார்த்து, என்ன பொடிங்க இது, இவ்வளவு நைஸா இருக்கு என்றேன். நம்ம கல்லுத் தூள்தாங்க என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோகூட எடுத்தேன். அந்த இழை அப்படி விழ வேண்டுமென்றால் பொடி எவ்வளவு நயமாக இருக்க வேண்டும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், கடைசிச் சல்லடையில் இறங்கினால் ஒழிய அந்த இழை விழாது. அதை யார் சலித்துப் பிரித்தது என்று நான் கேட்கவில்லை. தண்ணீரில் கழுவி, தொட்டியில் தங்கவிட்டு, வழித்துக் காய வைத்தால் அப்படிப் பிரியும். பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் பதினாறு வந்த பிறகு, நூற்றுப் பதின்மூன்று என்று எழுதின பிறகு, அந்த வாசலில் நின்று போட்டோ எடுத்தேன். என் போனில் இருக்கிறது. தெரியாமல் போயிற்று என்று இனி நான் யாரிடம் சொல்வேன்?

குலுக்கி நின்றது. இந்தத் தடவை மின்சாரம் போகவில்லை.

திருகைக் கழற்றி, மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒவ்வொரு சல்லடையிலும் வெள்ளைக் குருணை, அழகாக, ஒரே மாதிரி, சர்க்கரை மாதிரி. கடைசிச் சல்லடையின் அடியைப் பிரஷ்ஷால் மூன்று தடவை துடைத்துத் தட்டினேன், ஒரு துளி கூட விடக்கூடாது என்று, பிச்சை கேட்கிற மாதிரி தட்டினேன். அடித்தட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட இல்லாமல் கொஞ்சம் குவிந்திருந்தது. தராசில் வைத்தேன். பதினெட்டு புள்ளி நாலு. எடுத்து, தராசைச் சுழியாக்கி, திரும்ப வைத்தேன். பதினெட்டு புள்ளி நாலு. கையில் பதினாறு வந்ததே, அதில் என் கையின் குற்றம் இரண்டு புள்ளி நாலு கிராம்தான். மிச்சமெல்லாம் அன்றைக்கே உண்மை. தோள்பட்டை வலிக்க வலிக்க நான் உண்மையைத்தான் சலித்திருக்கிறேன்.

மணி ஒன்பது ஐம்பது. தபசும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், பின்னால் ஒரே சத்தம், கிரேன் ஓடுகிறது.

"அக்கா! லைவ் லிங்க் அனுப்பட்டுமா?"

"தபசும், டெஸ்ட்டை நிறுத்தணும்."

"என்னக்கா?"

"மண்ணு சரியில்ல. தூசி இல்ல அதுல. இருபத்திரண்டு சதவீதம் இருக்கணும், நாலுகூட இல்ல. மேல் அரை மீட்டரும் அப்படித்தான் இருக்கும். இதுல காலை விட்டா வர்ற அளவு எதுக்கும் உதவாது."

கிரேன் சத்தம் குறைந்தது. எங்கேயோ ஓரமாக நடந்து போகிறாள். "அக்கா, டைரக்டர் வந்துட்டாரு. எல்லாரும் வந்துட்டாங்க. நிறுத்துன்னா ஒரு காரணம் எழுதிக் குடுக்கணும். என்ன ஆச்சு? எப்படி தூசி போச்சு?"

"கழுவியிருக்காங்க."

"கழுவிட்டாங்களா? யாரு, சப்ளையரா?" அவள் குரலில் ஒரு நிம்மதி வந்ததை நான் கேட்டேன். "அப்ப சரிக்கா, நம்ம மேல ஒண்ணும் இல்ல. சொன்னபடி செய்யாம சப்ளையர் கழுவிட்டாருன்னு ஒரு வரி போட்டுடறேன். நீங்க செக் பண்ணிக் கண்டுபிடிச்சீங்கன்னு போட்டா உங்களுக்கு நல்ல பேருதான்."

நல்ல பேர். எவ்வளவு சுலபமாக வந்து நிற்கிறது பார், வாசல் வரைக்கும். ஆம் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை, பேசாமல் இருந்தால் போதும், அவளே எழுதிவிடுவாள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர் கழுவினார். நான் கண்டுபிடித்தேன். மாதப்பனுக்குத் தண்ணீர் கொடுத்ததும் உண்மைதான்.

"இல்ல தபசும். அப்படிப் போடாதே. நான் சொல்றதை எழுதிக்கோ. நாலாவது லாட்டைக் கையால சலிச்சேன், பதினாறு கிராம்தான் வந்துச்சு. நான் நம்பல. நோட்டுல நூத்திப் பதிமூணுன்னு எழுதிட்டேன். அஞ்சும் ஆறும் சலிக்கவே இல்ல. கழுவக் கூடாதுன்னு அவர்கிட்ட யாரும் சொல்லல. சொல்ல வேண்டியது நான்."



"அக்கா, இதை எழுதினா உங்க வேலை..."

"தெரியும். எழுது."

"பத்து நிமிஷம் டைம் குடுக்கறேன், யோசிச்சிட்டு..."

"பத்து நிமிஷம் வேண்டாம்மா. போதும் யோசிச்சது."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இங்க பக்கத்துலதான் நிக்கிறாரு சப்ளையரு. காலையில ஏழு மணிக்கே வந்துட்டாரு, ஒவ்வொருத்தர்கிட்டயும் கை குடுத்துட்டு இருக்காரு. நான் என்னக்கா சொல்றது அவர்கிட்ட?"

"போனைக் குடு."

போன் கை மாறுகிற சத்தம். வேட்டி சரசரத்தது கூடக் கேட்டது என்று நினைக்கிறேன்.

"மேடம்! கும்பிடறனுங்க. நீங்க வந்திருக்கோணும் மேடம். நம்ம மண்ணை என்னமா பரப்பி வெச்சிருக்காங்க தெரியுங்களா? கண்ணு கூசுதுங்க. இப்பத்தான் குனிஞ்சு ஒரு கையி அள்ளி ஊதிப் பாத்தேன், ஒரு பொட்டுத் தூசி பறக்கலீங்க. நீங்க பாத்தா சந்தோசப்படுவீங்க."

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூணு தண்ணிங்க. மொதல் மூணு லாட்டுக்குத் தண்ணி இல்லாமப் போயி உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டமேன்னு மனசே ஆறலீங்க. அதனால நம்ம பாட்டில்ல போட்டு, தண்ணி பளிங்காட்டம் நிக்கிற வரைக்கும் விடலீங்க. வேற கல்லு கலந்துரக் கூடாதுன்னு தொட்டியக்கூட மொதல்ல நானே எறங்கித் தேய்ச்சனுங்க."

"கழுவினதுல வந்த தூள் இருக்குதுங்களா?"

"அதெதுக்குங்க? அந்தக் கசடை நம்ம பொம்பளைங்க கோலத்துக்கு அள்ளீட்டுப் போயிட்டாங்க. ஊர் பூரா இப்ப அந்தக் கோலந்தானுங்க."

"குழந்தைவேலு, அந்தத் தூசிதாங்க நமக்கு வேண்டியது. தூசி இருந்தாத்தான் அது நிலா மண்ணு. இப்ப அங்க இருக்கிறது மணல். இன்னைக்கு டெஸ்ட் நடக்காதுங்க."

யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது, ஹலோ ஹலோ என்று. அவர் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார், ஊதிப் பார்த்த கை இன்னும் வெள்ளையாக இருக்கும். கோபப்படட்டும் என்று காத்திருந்தேன், பத்து வருடத்துக்கு முன்னால் இருபது பேர் பார்க்க நான் கத்தினதற்கும் சேர்த்து இப்போது கத்தட்டும். அவர் கத்தவில்லை. ரொம்பத் தணிந்த குரலில், கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்.

"தூசி ஆகாதுன்னு நீங்கதானுங்களே மேடம் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க" என்றேன். "நான்தாங்க சொல்லிக் கொடுத்தேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லை, அதையும் அவங்களை எழுதிக்கச் சொல்லிட்டேன். மறுபடியும் சொல்லிக் கொடுக்க நான் நாளைக்கே பாலப்பாறைக்கு வரேன். என் பேச்சைக் கேட்க இன்னும் உங்களுக்கு மனசு இருந்தா."

பதில் வருவதற்குள் போன் தபசும் கைக்குப் போய்விட்டது, டைரக்டர் கூப்பிடுகிறார் அக்கா, அப்புறம் பேசறேன் என்றாள். நோட்டை இழுத்து நாலாவது லாட்டின் பக்கத்தைத் திறந்தேன். நூற்றுப் பதின்மூன்றைக் கீழே படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் பதினாறு என்றும், அதற்குக் கீழே பதினெட்டு புள்ளி நாலு என்றும் எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அடித்தட்டில் இருந்ததைப் பொட்டலம் கட்டினேன். விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, தட்டியும் போகவில்லை.